ஆர்கோ சிடிக்குள் ஏஐ உதவியாளரை விடுவது எப்படி: டோக்கன் முதல் புல் ரிக்வெஸ்ட் வரை

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஸ்டேஜிங்கில் (நிஜப் பயனர்களிடம் போகும் முன் சோதித்துப் பார்க்கும் இடம்) ஒரு சர்வீஸ் பழைய கான்ஃபிக்கைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அன்றுதான் ஏஐ உதவியாளரை ஆர்கோ சிடியோடு (கிட்டில் எழுதியிருப்பதைக் கிளஸ்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவி) இணைத்து முடித்திருந்தேன். படிக்க மட்டும்தான் அனுமதி. "இது ஏன் இன்னும் பழைய மதிப்பையே காட்டுகிறது?" என்று கேட்டேன். கான்ஃபிக்மேப் (கான்ஃபிக் மதிப்புகள் இருக்கும் இடம்) மாறிவிட்டது, பாட் (ஆப்பின் கன்டெய்னர் ஓடும் கூடு) ரீஸ்டார்ட் ஆகவில்லை என்று சரியாகவே சொன்னது. அதோடு நிற்காமல் ஆர்கோ சிடி வழியாக ரீஸ்டார்ட் செய்யவும் பார்த்தது. அனுமதி இல்லை என்று பதில் வந்தது. சரி, நின்றுவிடும் என்று தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

திரும்பி வந்தால் வேலை முடிந்திருந்தது. என் லேப்டாப்பில் க்யூப்சிடிஎல் (கிளஸ்டரை நேரடியாக இயக்கும் கமாண்டுக் கருவி) இருக்கிறது, அதில் என் அட்மின் அனுமதி இருக்கிறது. அந்தக் கமாண்டைக் கேட்காமலே ஓட்டலாம் என்று முந்தைய வாரம் டிக் போட்டதும் நான்தான். ரோல்அவுட் ரீஸ்டார்ட் அடித்துவிட்டு, "சரிசெய்துவிட்டேன்" என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தது.

எதுவும் உடையவில்லை. ஆனால் முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான் அது. இந்த வழிகாட்டியின் பாதி அந்தக் கொல்லைக் கதவைப் பற்றியது.

கூபர்நெட்டிஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு), அதன் மேல் ஆர்கோ சிடி, கோட் இருப்பது கிட்ஹப்பில், உதவியாளர் ஓடுவது உங்கள் டெர்மினலில் (கிளாட் கோட், கர்சர், விஎஸ் கோடில் கோபைலட், எதுவானாலும் சரி). இந்த அமைப்பை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். ஜென்கின்ஸோ கிட்லேபோ வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் மாறும், வரிசை மாறாது. கமாண்டுகளின் பெயர்களை உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன். அந்தந்தக் கருவியின் டாக்குமெண்டில் தேடினால் கிடைத்துவிடும்.

நடுவில் என்ன இருக்கிறது

ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால், சுருக்கமாக எம்சிபி, இன்று பெரும்பாலான உதவியாளர்கள் பேசுகிற பொது மொழி ஆகிவிட்டது. ஆர்கோ சிடிக்கு ஒரு எம்சிபி சர்வர், கிட்ஹப்புக்கு ஒன்று, கூபர்நெட்டிஸுக்கு ஒன்று. ஒவ்வொரு சர்வரும் "என்னால் இன்னின்னது முடியும்" என்று ஒரு பட்டியலை உதவியாளரிடம் நீட்டும். உதவியாளர் தேவையானதைக் கூப்பிடும். உள்ளே ஓடுவது ஜேசான்-ஆர்பிசி 2.0. உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு ப்ராசஸாக ஓடலாம், எச்டிடிபி வழியாக வெளியிலும் ஓடலாம்.

மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். அந்தப் பட்டியலில் ஒரு கருவி இருக்கிறதா இல்லையா என்பது வசதி சம்பந்தப்பட்ட விஷயம். பாதுகாப்பு என்பது அந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கும் டோக்கனால் (பாஸ்வேர்ட் மாதிரி ஒரு சாவி) எதைச் செய்ய முடியும் என்பதில் இருக்கிறது. "ப்ரொடக்‌ஷனைத் தொடாதே" என்று ப்ராம்ப்டில் பத்து முறை எழுதினாலும் அது வேண்டுகோள்தான்.

படி 1: கேள்விகளை எழுதுங்கள்

கருவியை இன்ஸ்டால் செய்யும் முன் ஒரு தாளில், உங்கள் டீம் போன மாதம் டெப்ளாய்மென்ட் பற்றி ஒருவரையொருவர் கேட்ட கேள்விகளை எழுதுங்கள். "இந்த ஃபிக்ஸ் ப்ரொடக்‌ஷனுக்குப் போய்விட்டதா?" "ஏன் டிக்ரேடட் (கோளாறு) என்று காட்டுகிறது?" "ஸ்டேஜிங்கிலும் ப்ரொடக்‌ஷனிலும் இருக்கும் இமேஜ் ஒன்றுதானா?" எங்கள் பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே படித்துச் சொல்கிற வேலை. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். எழுதும் அனுமதியை முதல் நாளே கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

படி 2: ஆர்கோ சிடியில் தனி அக்கவுண்ட்

உங்கள் சொந்த லாகினின் டோக்கனைக் கொடுக்காதீர்கள். ஆர்கோசிடி-சிஎம் என்ற கான்ஃபிக்மேப்பில் "ஏஐ-ரீடர்" மாதிரி ஒரு லோக்கல் அக்கவுண்ட் சேர்த்து, அதற்கு ஏபிஐகீ திறனை மட்டும் கொடுங்கள். லாகின் திறன் வேண்டாம். வெப் பக்கத்தில் பாஸ்வேர்ட் போட்டு நுழைய அதற்கு வேலை இல்லை.

அடுத்து ஆர்கோசிடி-ஆர்பேக்-சிஎம். அங்கே பாலிசியில் ஒரு வரி: இந்த அக்கவுண்ட், ஏற்கெனவே உள்ளமைந்து வருகிற ரோல்:ரீட்ஒன்லி என்ற ரோலுக்குள் சேர்க்கப்படுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் அதே ஃபைலில் பாலிசி.டிஃபால்ட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில், ஆரம்ப நாட்களில் யாரோ அவசரத்துக்கு அதில் அட்மின் என்று போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அந்த வரி கொடுக்கும் அனுமதி, உள்ளே நுழைந்த எல்லா அக்கவுண்டுக்கும் போய்ச் சேரும். டினை (மறுப்பு) என்று தனியாக எழுதினாலும் அதைத் தடுக்க முடியாது. நீங்கள் கவனமாகச் செய்த ரீட்ஒன்லி அக்கவுண்ட், அந்த ஒரு வரியால் அட்மின் ஆகிவிடும்.

டோக்கன் எடுக்கும்போது காலாவதி நேரம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது என்றைக்கும் செல்லும். நான் 720 மணி நேரம், அதாவது 30 நாள் வைக்கிறேன்.

படி 3: கூபர்நெட்டிஸில் தனி சர்வீஸ் அக்கவுண்ட்

ஆர்கோ சிடி மட்டும் போதும் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். ஆனால் ஈவென்ட்களையும் பாட்களையும் நேரடியாகப் பார்க்க விட்டால் பதில்களின் தரம் நன்றாகவே ஏறுகிறது.

ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்கி, கூபர்நெட்டிஸோடு வரும் வியூ என்ற கிளஸ்டர் ரோலை அதற்குக் கட்டுங்கள். கிளஸ்டர் முழுக்கக் கட்ட வேண்டாம். ரோல்பைண்டிங் போட்டு, வேண்டிய நேம்ஸ்பேஸ்களில் (கிளஸ்டருக்குள் பிரித்துவைத்த பகுதிகள்) மட்டும் கட்டினால் போதும். வியூ ரோலால் சீக்ரெட்களைப் படிக்க முடியாது, பாட்டுக்குள் எக்ஸெக் போட்டு நுழைய முடியாது. லாக் படிக்க முடியும். நோட்களை (பாட்கள் ஓடும் மெஷின்கள்) பார்க்க முடியாது. அது வேண்டுமென்றால் நோட்களைப் படிக்க மட்டும் ஒரு சின்ன கிளஸ்டர் ரோல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீக்ரெட் படிக்க முடியாது என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டெப்ளாய்மென்ட் ஃபைலில் என்விரான்மென்ட் வேரியபிளாக நேராக எழுதியிருந்தால் வியூ ரோலுக்கு அது பட்டப்பகலில் தெரியும். கான்ஃபிக்மேப்பில் இருந்தாலும் அப்படியே. ஆப் தொடங்கும்போது கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை லாகில் கொட்டுகிற பழக்கமும் பல ஊர்களில் உண்டு. உதவியாளர் படிக்கிற ஒவ்வொரு வரியும் மாடலை நடத்தும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்பதை மறக்காமல், இந்த மாதிரி சங்கதிகளை முதலில் ஒழித்துக்கட்டுங்கள்.

டோக்கன் எடுக்க க்யூப்சிடிஎல் கிரியேட் டோக்கன் போதும். காலம் எதுவும் சொல்லாவிட்டால் பொதுவாக 1 மணி நேரத்துக்குத் தரும். அந்த டோக்கனை வைத்து ஒரு தனி க்யூப்கான்ஃபிக் ஃபைல் (கிளஸ்டரின் முகவரியும் சாவியும் இருப்பது) எழுதுங்கள். அப்புறம் அதே ஃபைலை வைத்து க்யூப்சிடிஎல் ஆத் கேன்-ஐ ஓட்டி நான்கு கேள்வி கேளுங்கள்: பாட்களைப் பட்டியலிடலாமா, சீக்ரெட் படிக்கலாமா, பாட்டை அழிக்கலாமா, எக்ஸெக் போடலாமா. முதலாவதற்கு ஆம், மற்ற மூன்றுக்கும் இல்லை என்று வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் இங்கேயே நில்லுங்கள்.

படி 4: கொல்லைக் கதவு

உங்கள் டெர்மினலில் ஓடுகிற உதவியாளர் உங்கள் யூசராகவே ஓடுகிறது. நீங்கள் தட்டச்சு செய்தால் எது நடக்குமோ அது எல்லாமே அதனாலும் நடக்கும். ஆர்கோ சிடிக்குக் கொடுத்த ரீட்ஒன்லி டோக்கனைப் பற்றி ஷெல்லுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டு டைரக்டரியில் என்னென்ன கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். எனக்கே என்னுடையது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. அட்மின் க்யூப்கான்ஃபிக், ஏடபிள்யூஎஸ் சாவிகள், ஆர்கோ சிடி கமாண்டுக் கருவியின் லாகின் செஷன், கிட்ஹப் கமாண்டுக் கருவியின் டோக்கன், எஸ்எஸ்எச் சாவி. ஈகேஎஸ் (ஏடபிள்யூஎஸ் தரும் கூபர்நெட்டிஸ்) கிளஸ்டர் வைத்திருப்பவர்கள் க்யூப்கான்ஃபிக்கை மட்டும் ஒளித்துவைத்துப் பயனில்லை. அங்கே உண்மையான சாவி ஏடபிள்யூஎஸ் கிரெடென்ஷியல். அது இருந்தால் புது க்யூப்கான்ஃபிக்கை ஒரே கமாண்டில் உண்டாக்கிக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு அளவில் தீர்வு உண்டு. லேசானது: உதவியாளரைத் தொடங்கும் டெர்மினலில் க்யூப்கான்ஃபிக் வேரியபிளைப் படி 3-இல் செய்த ஃபைலுக்குத் திருப்புவது, உதவியாளரின் செட்டிங்ஸில் ஆபத்தான கமாண்டுகளை டினை பட்டியலில் போடுவது. கைதவறி நடப்பதை இது தடுக்கும். ஆனால் பழைய ஃபைல் அதே இடத்தில்தான் கிடக்கிறது, வேறு ஃபைலைப் பயன்படுத்து என்று கமாண்டிலேயே சொல்ல முடியும். டினை பட்டியலும் அப்படித்தான். கமாண்டை ஒரு ஸ்க்ரிப்டுக்குள் வைத்து ஓட்டினால் பட்டியலுக்குத் தெரியாது.

கனமான தீர்வுதான் நான் இப்போது செய்வது. உதவியாளரை ஒரு கன்டெய்னருக்குள் ஓட்டுகிறேன். உள்ளே ரெப்போவும் ரீட்ஒன்லி க்யூப்கான்ஃபிக்கும் மட்டும். வீட்டு டைரக்டரியை மவுன்ட் செய்வதில்லை, டாக்கர் சாக்கெட்டைக் கண்டிப்பாக மவுன்ட் செய்வதில்லை. அரை நாள் வேலை. அந்த அரை நாளைச் செலவழிக்க மனமில்லை என்றால், ப்ரொடக்‌ஷன் அனுமதி இருக்கும் லேப்டாப்பில் இந்த இணைப்பைச் செய்யாமல் இருப்பதே நல்லது என்பேன்.

என் வெள்ளிக்கிழமை ரீஸ்டார்ட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. ரோல்அவுட் ரீஸ்டார்ட் செய்வது, பாட் டெம்ப்ளேட்டில் நேரத்தைக் குறிக்கும் ஒரு அனோட்டேஷனைச் சேர்ப்பதுதான். கிட்டில் அந்த அனோட்டேஷன் இல்லை என்பதற்காக ஆர்கோ சிடி அதை வித்தியாசமாகக் கணக்கிடாது. ஆகவே எல்லாம் சிங்க்டு, ஹெல்தி என்று பச்சையாகவே இருந்தது. நான் அந்த இரண்டு வரியைப் படிக்காமல் விட்டிருந்தால் நடந்ததே தெரிந்திருக்காது.

படி 5: எம்சிபி சர்வரை இணைப்பது

இது சின்ன வேலை. ஆர்கோ ப்ராஜெக்ட் லேப்ஸில் ஆர்கோ சிடிக்கான எம்சிபி சர்வர் இருக்கிறது. நோட் ஜேஎஸ் இருந்தால் என்பிஎக்ஸ் வழியாக ஓடும். உதவியாளரின் கான்ஃபிக் ஃபைலில் எந்தக் கமாண்ட், என்ன ஆர்க்யூமென்ட், எந்த வேரியபிள்கள் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். வேரியபிள்கள்: ஆர்கோ சிடியின் முகவரி, படி 2-இல் எடுத்த டோக்கன், அப்புறம் எம்சிபி ரீட் ஒன்லி என்ற சுவிட்சுக்கு ட்ரூ. இந்தச் சுவிட்சைப் போட்டால் சிங்க் (கிட்டில் உள்ளபடி கிளஸ்டரை மாற்றுவது), டிலீட் போன்ற கருவிகள் பட்டியலுக்கே வராது. அந்த வெள்ளிக்கிழமை நான் இதைப் போடவில்லை. அதனால்தான் அது முட்டிப் பார்த்தது.

டோக்கனை அந்த ஃபைலில் எழுதாதீர்கள். கிளாட் கோடில் ப்ராஜெக்ட்டின் வேரிலேயே இருக்கும் எம்சிபி ஃபைல், டீம் முழுக்கப் பகிர்வதற்காகக் கிட்டுக்குப் போவது. அதில் வேரியபிளின் பெயரை மட்டும் எழுதினால் ஓடும்போது மதிப்பை எடுத்துக்கொள்ளும். விஎஸ் கோடில் இன்புட்ஸ் என்ற பகுதி உண்டு, அது டோக்கனை உங்களிடமே கேட்டு வாங்கும்.

வெர்ஷனை லேட்டஸ்ட் என்று விடாதீர்கள், எண்ணைப் போட்டுப் பூட்டுங்கள். 2025 செப்டம்பரில் மெயில் அனுப்பும் ஒரு எம்சிபி பேக்கேஜ் என்பிஎம்மில் பிடிபட்டது. பல வெர்ஷன்கள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, ஒரு அப்டேட்டில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, போகிற மெயிலுக்கெல்லாம் வெளியாள் ஒருவருக்கு ரகசிய நகல் அனுப்பிக்கொண்டிருந்தது. லேட்டஸ்ட் என்று போட்டவர்களுக்கு அந்த அப்டேட் தானாகவே வந்து இறங்கியிருக்கும்.

இணைத்ததும் "உன்னிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?" என்று கேட்டுப் பட்டியலைப் பாருங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு அப்ளிகேஷனை சிங்க் செய்யச் சொல்லுங்கள். முடியாது என்று வர வேண்டும், அப்புறம் அது சும்மா இருக்க வேண்டும்.

படி 6: கேட்கும் விதம்

இதற்குத்தான் இத்தனை பாடும். ஒரு சம்பவத்தை அப்படியே சொல்கிறேன்.

க்யூவிலிருந்து வேலை எடுக்கும் ஒரு வொர்க்கர், புது வெர்ஷன் போனதும் டிக்ரேடட் ஆனது. கிராஷ்லூப்பேக்ஆஃப், அதாவது திரும்பத் திரும்பத் தொடங்கி விழுகிற நிலை. காரணம் கேட்டேன். பத்து வினாடியில் பதில் வந்தது: எக்ஸிட் கோட் 137, ஆகவே மெமரி போதவில்லை, லிமிட்டை 256 எம்பியிலிருந்து 512 ஆக்கலாம். படிக்கச் சரியாகத்தான் இருந்தது. நடுராத்திரியாக இருந்தால் நானே அதைத்தான் செய்திருப்பேன்.

"ஓஓஎம்கில்ட் (மெமரி தீர்ந்து கொல்லப்பட்டது) என்று எங்கே இருக்கிறது? அந்த வரியைக் காட்டு" என்று கேட்டேன். பாட்டின் கடைசி நிலையில் போய்ப் பார்த்தது. காரணம் என்ற இடத்தில் எரர் என்றுதான் இருந்தது, ஓஓஎம்கில்ட் இல்லை. 137 என்பது 128-ம் 9-ம். சிக்னல் 9-ஆல் கொல்லப்பட்டது என்பது மட்டும்தான் அதன் பொருள், யார் கொன்றார்கள் என்று அது சொல்லாது. ஈவென்ட்களைப் படிக்கச் சொன்னேன். லைவ்னெஸ் ப்ரோப் (ஆப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) தோல்வி என்று வரிசையாக இருந்தது. புது வெர்ஷன் தொடங்கும்போது ஒரு கேஷை நிரப்புகிறது, அதற்கு 50 வினாடி ஆகிறது. ப்ரோப்போ 10 வினாடி பொறுத்து, 10 வினாடிக்கு ஒருமுறை பார்த்து, 3 தோல்வியில் முடித்துவிடுகிறது. நின்றுகொள் என்ற சிக்னலை ஆப் கண்டுகொள்ளவில்லை, கெடு முடிந்ததும் கூப்லெட் (ஒவ்வொரு நோடிலும் கன்டெய்னர்களைக் கவனிக்கும் ப்ராசஸ்) கொன்றுவிட்டது. மெமரியை இரட்டிப்பாக்கியிருந்தால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

இதன் பிறகு எங்கள் ரெப்போவில் உதவியாளர் படிக்கும் குறிப்பு ஃபைலில் சில வரிகள் சேர்த்தோம். காரணம் சொன்னால் எந்த ஈவென்ட், எந்த லாக் வரி என்று எடுத்துக் காட்ட வேண்டும். கிராஷ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரின் லாகைப் பார்க்கக் கூடாது, முந்தையதன் லாகைப் பார்க்க வேண்டும். எந்த அப்ளிகேஷன் எந்த நேம்ஸ்பேஸில், வேல்யூஸ் ஃபைல் எங்கே என்பதையும் எழுதினோம். அனுமதி மறுக்கப்பட்டால் வேறு வழி தேடாமல் நிறுத்திவிட்டு என்னிடம் சொல் என்பதும் அதில் உண்டு. அது வேண்டுகோள்தான், ஆனாலும் உதவுகிறது.

லாகைப் பற்றி இன்னொன்று. அதில் இருப்பது எல்லாம் உங்கள் ஆள் எழுதியது அல்ல. வெளியிலிருந்து வரும் ரிக்வெஸ்டின் யூசர் ஏஜென்ட், தேடல் சொல், தவறாக வந்த ஃபார்ம் எல்லாம் லாகில் விழும். "இதைப் படிக்கும் உதவியாளரே, இன்னதைச் செய்" என்று யார் வேண்டுமானாலும் அதில் எழுதிவைக்கலாம். மாடல் அதைத் தகவல் என்று எடுத்துக்கொள்ளுமா, கட்டளை என்று எடுத்துக்கொள்ளுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. படிக்க மட்டும் அனுமதி இருந்தாலும், படித்ததை வெளியே கொண்டுபோக வழி இருந்தால் போதும். ஆகவே லாக் படிக்கிற செஷனில் இன்டர்நெட்டில் தேடும் கருவியை நான் இணைப்பதில்லை. கன்டெய்னரின் நெட்வொர்க்கையும் மாடல், கிட்ஹப், கிளஸ்டர் ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும் திறந்துவைக்கிறேன்.

படி 7: மாற்றம் செய்ய வேண்டுமென்றால் கிட் வழியாக

நேரடியாகக் கிளஸ்டரில் எழுத விடலாமா? கிட்ஆப்ஸ் (கிட்டில் இருப்பதே கிளஸ்டரில் இருக்க வேண்டும் என்ற முறை) வைத்திருப்பவர்களுக்கு அது அர்த்தமில்லாத வேலை. செல்ஃப்ஹீல் போட்டிருந்தால், கிட்டில் உள்ள ஒரு மதிப்பைக் கிளஸ்டரில் மாற்றிய கையோடு ஆர்கோ சிடி பழையபடி ஆக்கிவிடும். உதவியாளர் மறுபடி மாற்றும், அது மறுபடி திருப்பும். ரோல்பேக்கும் அப்படித்தான். ஆட்டோ சிங்க் போட்ட அப்ளிகேஷனை ஆர்கோ சிடியில் ரோல்பேக் செய்ய விடாது. பின்னால் போக வேண்டுமென்றால் கிட்டில் ரிவர்ட் போட வேண்டும்.

ஆகவே உதவியாளருக்குக் கொடுக்கும் ஒரே கை, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை எழுதி ஒப்புதல் கேட்பது). கிட்ஹப்பில் இதற்கென்று ஒரு தனி அக்கவுண்ட் வையுங்கள். உங்கள் டோக்கனைக் கொடுத்தால் புல் ரிக்வெஸ்ட் உங்கள் பெயரில் வரும், உங்கள் பெயரில் வந்ததை நீங்களே அப்ரூவ் செய்ய முடியாது. தனி அக்கவுண்ட் என்றால் அது எழுதியது, நீங்கள் பார்த்தது என்று கணக்கு சுத்தமாக இருக்கும்.

டோக்கன் ஃபைன்-கிரெய்ன்ட் வகை. டெப்ளாய்மென்ட் ஃபைல்கள் இருக்கும் ஒரே ரெப்போ. கன்டென்ட்ஸ், புல் ரிக்வெஸ்ட்ஸ் இரண்டுக்கும் எழுதும் அனுமதி. பிராஞ்ச் தள்ள கன்டென்ட்ஸ் தேவை, ஆகவே மெயின் பிராஞ்சுக்கு நேரடியாகத் தள்ளுவதையும், ரிவியூ இல்லாமல் மெர்ஜ் ஆவதையும் பிராஞ்ச் ப்ரொடெக்‌ஷன் போட்டுத் தடுத்தே ஆக வேண்டும். வொர்க்ஃப்ளோஸ் அனுமதி கொடுக்காதீர்கள். கொடுத்தால், பிராஞ்சில் ஒரு வொர்க்ஃப்ளோ ஃபைலை மாற்றித் தள்ளி, யாரும் ரிவியூ செய்யும் முன்பே சிஐயின் (கோட் மாறும்போது தானாக ஓடும் பில்ட், டெஸ்ட் வேலைகள்) சீக்ரெட்களோடு அதை ஓட வைக்க முடியும்.

ஹெல்ம் (சார்ட் என்ற டெம்ப்ளேட்டையும் வேல்யூஸ் ஃபைலையும் சேர்த்துக் கூபர்நெட்டிஸ் ஃபைல்களை விரிக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. உதவியாளர் கிளஸ்டரில் பார்ப்பது விரிந்து முடிந்த ஃபைல், மாற்ற வேண்டியதோ வேல்யூஸ் ஃபைல். இரண்டையும் குழப்பிக்கொண்டு, சார்ட்டில் இல்லாத ஒரு பெயரை வேல்யூஸில் தன்னம்பிக்கையோடு சேர்த்துவைக்கும். பிழை எதுவும் வராது, எதுவும் மாறவும் மாறாது. ஆகவே புல் ரிக்வெஸ்டில் சிஐ ஹெல்ம் டெம்ப்ளேட் ஓட்டி, முன்னும் பின்னுமான வித்தியாசத்தைக் கமெண்டாகப் போட வேண்டும். நான் ரிவியூ செய்யும்போது வேல்யூஸைப் பார்ப்பதைவிட அந்தக் கமெண்டைத்தான் பார்க்கிறேன். வொர்க்கர் சம்பவத்தில் ஸ்டார்ட்அப் ப்ரோப் சேர்த்து, 10 வினாடிக்கு ஒருமுறை 12 தடவை என்று அது எழுதிய புல் ரிக்வெஸ்ட் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அந்தக் கமெண்டில் ஆறு வரி கூடியிருந்தது, வேறெதுவும் அசையவில்லை.

படி 8: ஸ்டேஜிங்கில் கொஞ்சம் தளர்த்துவது

சில வாரம் இப்படி ஓட்டிய பிறகு, ஸ்டேஜிங் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் ஆர்கோ சிடி பாலிசியில் சிங்க் அனுமதியையும், டெப்ளாய்மென்ட்டை ரீஸ்டார்ட் செய்யும் ஆக்‌ஷனையும் வேறொரு அக்கவுண்டுக்குக் கொடுத்தேன். ரீடர் அக்கவுண்டை அகலப்படுத்தவில்லை. ப்ரூன் (கிட்டில் இல்லாததைக் கிளஸ்டரிலிருந்து நீக்குவது) ஆன் ஆகியிருந்தால் சிங்க் என்பது அழிப்பதையும் சேர்த்தது என்பதால், டேட்டா இருக்கும் அப்ளிகேஷன்களை அந்த ப்ராஜெக்ட்டிலிருந்து முதலில் வெளியே எடுத்தேன். ப்ரொடக்‌ஷனில் இன்றும் படிப்பது மட்டும்தான். 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நைட் கேபிடல் நிறுவனம், எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதுக் கோட் போகாமல் விட்டுப்போனதால், சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அது மனிதர்கள் கையால் செய்த டெப்ளாய்மென்ட். வேகமான இன்னொரு கையை அங்கே சேர்க்க எனக்கு அவசரம் இல்லை.

படி 9: டோக்கன் காலாவதி ஆகும் நாள்

30-ஆம் நாள் காலையில் ஆர்கோ சிடி டோக்கன் செத்துப்போகும். உடனே புதுப்பிக்காதீர்கள். உதவியாளரிடம் வழக்கமான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கூடவே உட்கார்ந்து அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அனுமதி இல்லை என்று உங்களிடம் சொல்லி நின்றால் சரி. வீட்டு டைரக்டரியில் டோக்கன் தேடக் கிளம்பினால், என்விரான்மென்ட் வேரியபிள்களைப் பட்டியலிட்டால், வேறு க்யூப்கான்ஃபிக் இருக்கிறதா என்று துழாவினால், கையில் என்ன கிடைக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போன மாதம் எனக்கு, கன்டெய்னர் இமேஜ் கட்டும்போது நானே உள்ளே காப்பி செய்துவிட்டு மறந்த பழைய என்வ் ஃபைல் ஒன்று கிடைத்தது. அதில் இருந்த சாவியை ரத்து செய்து, இமேஜை மறுபடி கட்டிய பிறகுதான் புது டோக்கன் எடுத்தேன்.